உள்நாட்டுப் போரும் மோர்பினும்

போர்களின் சரித்திரத்தை எழுதுவோர் அவை தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் தவறாது குறித்துவைப்பர். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் தொடங்கிற்று. 1865ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் திகதி, தென்படைத் தளபதி றொபேட் லீ வர்ஜீனியா மாநிலத்து அப்பொமற்றொக்ஸ் என்னும் ஊரிலே வடபடைத் தளபதி கிராண்டிடம் சரணடைந்ததோடு அது முடிவுற்றது என்பது பள்ளிக்கூடப் புத்தகங்களிற் காணப்படுஞ் செய்தி. அடிமை முறை ஒழிந்தது. பிளவுண்ட தேசம் ஒன்றாயிற்று. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். மாண்டோரின் கதையைச் சொல்லும் நினைவுச் சின்னங்களுக்கு அந்நாட்டிற் குறைவில்லை. மாளாது வீடு திரும்பியோரில் ஒரு சாராரின் கதையோ நெடுங்காலம் சொல்லப்படாமலே இருந்தது. காயம் ஆறியும் நோவு ஆறாதவர்கள் அவர்கள். அந்நோவைத் தணிக்கப் பாசறையிலும் படை வைத்தியசாலையிலும் கொடுக்கப்பட்ட மருந்தை, பின்னர் விட முடியாமல் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர்கள்.

அப்போரிலே பெரிதும் பயன்பட்ட துவக்குக் குண்டு, மினியே என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரியின் பெயரால் வழங்கியது. மெல்லிய ஈயத்தாலான அக்குண்டு உடம்பிற் பட்டதும் நசுங்கி விரிந்து எலும்பை நொறுக்கிவிடும். நொறுங்கிய எலும்பை ஒட்டவைக்கும் ஆற்றல் அக்காலச் சத்திர வைத்தியர்களுக்கு இல்லை. கிருமிகளைப் பற்றிய அறிவும் இன்னும் பரவவில்லை. ஆகவே, கையையோ காலையோ வெட்டியெறிவதே உயிரைக் காக்கும் வழியெனக் கொள்ளப்பட்டது. வெட்டும்போது குளோரபோமும் ஈதரும் உணர்வை மறைத்தன. விழித்தெழுந்த பின் வரும் வேதனைக்கு அபினே துணை.

அபின் அன்று புதிதன்று. மனிதன் அதனை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறிவான். அதன் சாரமாகிய மோர்பினை ஜேர்மன் மருந்தாளர் சேர்ட்யூர்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தெடுத்து, கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மோர்பியஸின் பெயரை அதற்கு இட்டார். 1853ஆம் ஆண்டிலே எடின்பரோ நகரத்து வைத்தியர் அலெக்சாண்டர் வூட் ஊசிமூலம் அதனைத் தோலின் கீழே செலுத்திக் காட்டினார். வாயால் உட்கொள்ளும் அபினே பழக்கமாய்ப் பற்றிக்கொள்ளும், ஊசியால் ஏற்றப்படுவது அவ்வாறு பற்றாது என்று பல வைத்தியர்கள் அந்நாளில் மனமார நம்பினர். இந்நம்பிக்கை எவ்வளவு பெரிய பிழை என்பது தெரியவருமுன்னர் போர் மூண்டுவிட்டது.

போர்க்களத்தில் ஊசிகள் மிகச் சிலவே இருந்தன. பெரும்பாலான வைத்தியர்கள் மோர்பின் தூளைப் புண்ணின்மேலேயே தூவினர். அல்லது குளிசையாய்க் கொடுத்தனர். வடபடை வைத்தியர் நேதன் மேயர் குதிரையிலிருந்து இறங்காமலே காயம்பட்டோரைப் பார்வையிட்டு, தூளைத் தமது கையிற் கொட்டி, அவர்களை நக்கிக்கொள்ளச் செய்தாராம். இதனைக் கேட்டு இன்று முகஞ் சுளிப்போர், ஒரு வைத்தியரைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் கதறிக் கிடந்த நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வடபடைக்கு மாத்திரம் ஒரு கோடிக்குச் சற்றே குறைந்த அபின் குளிசைகளும், 28 இலட்சம் அவுன்ஸுக்கு மேற்பட்ட வேறு அபின் மருந்துகளும் வழங்கப்பட்டன. இவையனைத்தும் காயத்துக்கே செலவாயின என்று கொள்ளலாகாது. குண்டினால் இறந்தோரிலும் நோயினால் இறந்தோரே மிகுதி. வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் பாசறைகளைச் சூறையாடின. அவற்றை நிறுத்தவும் அபினே கொடுக்கப்பட்டது. போர் முடிந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும் அந்த வயிற்றுநோய் தீராத வீரர் பலர் இருந்தனர். அவர்களும் அபினை விட்டாரில்லை.

நோவின் தன்மையை அக்காலத்தில் எவரினும் கூர்ந்து கவனித்தவர் பிலடெல்பியா நகரத்து வைத்தியர் சைலஸ் வெயர் மிச்செல். படை வைத்தியத் தலைவராயிருந்த வில்லியம் ஹாமண்டின் ஆதரவுடன், நரம்புக் காயங்களுக்கென்றே 400 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை ஒன்று அந்நகரின் ரேணர்ஸ் லேன் என்னுமிடத்தில் நிறுவப்பட்டது. அங்கே மிச்செலும், ஜோர்ஜ் மோர்ஹவுஸும், இளைஞராகிய வில்லியம் கீனும் பணிபுரிந்தனர். 1863ஆம் ஆண்டு யூலையில் நடந்த கெற்றிஸ்பேர்க் சமரின் பின் நோயாளர் தொகை பெருகிற்று.

அங்கு வந்தோரிற் சிலருடைய நிலை வைத்தியர்களையே திகைக்க வைத்தது. குண்டு துளைத்த இடம் ஆறிவிட்டிருக்கும். தழும்பு மாத்திரமே எஞ்சியிருக்கும். ஆயினும், குண்டு தீண்டாத உள்ளங்கையோ பாதமோ தணலில் வைத்தாற்போல எரியும். தோல் சிவந்து பளபளக்கும். காற்றுப்பட்டால் எரிவு; உலர்ந்தால் எரிவு. அருகில் ஒருவர் புதினத்தாளை மடக்கும் சலசலப்பும், அறையிலே பிறர் நடக்கும் அதிர்வும், வீதியில் வாத்தியக் குழு எழுப்பும் முழக்கமும் அவர்களுக்குப் பொறுக்கவியலாத வேதனையாயின. ஈரமே அவர்களுக்கு ஓரளவு ஆறுதல். ஆதலின், எங்கு சென்றாலும் தண்ணீர்ப் போத்தலும் கடற்பஞ்சும் கையோடு கொண்டு திரிந்தனர். சப்பாத்துக்குள்ளே தண்ணீரை ஊற்றிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. களத்தில் அஞ்சாது நின்ற ஆண்மக்கள் எவரேனும் தம்மை நெருங்கினால் சிறு பிள்ளைபோல நடுங்கினர். இந்நோவுக்கு மிச்செல் பின்னர் ‘கோசால்ஜியா’ என்னும் பெயரை வழங்கினார். எரியும் நோவு என்பது அக்கிரேக்கச் சொற்களின் பொருள். வெட்டியெறியப்பட்ட கால் இன்னும் இருப்பதாகவும் அதன் விரல்கள் முறுக்குவதாகவும் உணர்வோரின் நிலைக்கு ‘மாய உறுப்பு’ என்று பொருள்படும் பெயரை 1871இல் இட்டவரும் அவரே.

இத்தகையோருக்கு மோர்பின் ஊசியன்றி வேறு எதுவும் பயன்தரவில்லை. ஒரே ஆண்டில் அவ்வைத்தியசாலையில் ஏற்றப்பட்ட ஊசிகள் 40,000 என்பது அவ்வைத்தியர்கள் விட்டுச்சென்ற கணக்கு. அவ்வூசியை இரக்கமின்மை என்று எவரும் கூறார். அந்நாளில் அதுவே இரக்கம். கேள்வி எழுவது அதற்கு அடுத்த படியிலேதான். வைத்தியசாலையின் கதவு வரையில் மருந்தை அளந்து கொடுக்க வைத்தியர் இருந்தார். கதவுக்கு வெளியே சென்ற பின் நோவும் கூடவே சென்றது. அளந்து கொடுக்கத்தான் ஆளில்லை. மருந்துக் கடையிலே மோர்பினும் அபின் கலந்த சாராயக் கரைசலும் எவரும் கேட்டு வாங்கலாம், தபாலிலும் தருவிக்கலாம். வைத்தியத் துண்டு எதுவும் வேண்டியதில்லை.

1866ஆம் ஆண்டில் மிச்செல் தமது பெயரை வெளியிடாது, கைகால் நான்கும் இழந்த ஒருவரைப் பற்றிய கதையொன்றை ‘அற்லாந்திக் மந்த்லி’ என்னுஞ் சஞ்சிகையில் எழுதினார். கதை முற்றிலும் கற்பனை. ஆயினும் வாசகர் சிலர் அதனை உண்மையென்றே நம்பி, அம்மனிதனுக்கு உதவப் பணந் திரட்டினர். கற்பனை மனிதனுக்கு இரங்கிய மக்கள், அயல்வீட்டில் ஊசியோடு ஒதுங்கி வாழ்ந்த மனிதனுக்கு அவ்வாறு இரங்கினார்களென்று சொல்வதற்கில்லை.

தென்படையில் உத்தியோகம் வகித்த ஜோன் பெம்பேட்டன் என்பவரின் வாழ்வு இங்கு கவனிக்கத்தக்கது. ஜோர்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் மருந்துக் கடை நடத்தியவர் அவர். லீ சரணடைந்து ஒரு வாரஞ் சென்ற பின்னர், 1865 ஏப்ரில் 16ஆம் திகதி அந்நகரில் நிகழ்ந்த சண்டையிலே அவர் மார்பில் வாள்வெட்டு விழுந்தது. முடிந்துவிட்ட போரில் பெற்ற காயம் அது. நோவைத் தணிக்க மோர்பினை நாடியவர் அதிலிருந்து மீள முடியாதவரானார். மருந்தாளராதலால் மாற்று மருந்தொன்றைத் தாமே தேடினார். தென்னமெரிக்கக் கொக்கா இலை மோர்பின் பழக்கத்தை மாற்றும் என்று அக்கால வைத்திய ஏடுகள் பேசின. அதனை மதுவிற் கலந்து 1885இல் ஒரு பானத்தைத் தயாரித்து, நரம்புத் தளர்ச்சிக்கும் மோர்பின் பழக்கத்துக்கும் நல்லதென்று விளம்பரஞ் செய்தார். அற்லாந்தா நகரில் மதுவிலக்கு வந்ததும் மதுவை நீக்கிச் சர்க்கரைப் பாகைச் சேர்த்தார். 1886ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு கிண்ணம் ஐந்து சதத்துக்கு விற்பனைக்கு வந்த அப்பானமே கொக்கா-கோலா. இன்று உலகின் மூலைமுடுக்கெல்லாம் கிடைக்கும் அந்தப் போத்தலுக்குப் பின்னே வாள்வெட்டு ஒன்று இருப்பதை அருந்துவோர் அறியார். பெம்பேட்டனை அப்பானம் காப்பாற்றவில்லை. தமது உரிமைகளைச் சிறிது சிறிதாக விற்றுவிட்டு, 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் காலமானார்.

மாற்று மருந்து விற்றுச் செல்வஞ் சேர்த்தோரும் உளர். இந்தியானா மாநிலத்தில் கட்டட வேலை செய்துவந்த சாமுவேல் கொலின்ஸ், 1868 முதல் அபின் பழக்கத்துக்கு முறிமருந்தொன்றைத் தபாலில் விற்றார். அம்மருந்தினுள்ளே மோர்பினே இருந்தது! இலினோய் மாநிலத்தில் லெஸ்லி கீலி என்னும் வைத்தியர் தங்கம் கலந்ததெனக் கூறிய ஊசியால் புகழ்பெற்றார்; 1890களில் முன்னாள் வீரர்களுக்கான அரசாங்க இல்லங்களிலும் அச்சிகிச்சை இடம்பெற்றது. அதில் தங்கம் எவ்வளவு இருந்தது என்பதை எவருக்கும் அவர் நிரூபித்துக் காட்டவில்லை.

அரசாங்கமோ காயப்பட்ட வீரர்களைக் கைவிட்டதென்று பொதுவாகக் குறைகூற முடியாது. 1862ஆம் ஆண்டுச் சட்டம் வடபடை வீரர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்கிற்று. 1890களில் மத்திய அரசாங்க வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இச்சம்பளத்துக்கே சென்றது. அன்றைய உலகில் இதற்கு ஒப்பான கொடை அரிது. தோற்ற தென்படையினருக்கு அதில் இடமில்லை. அவர்கள் தத்தம் மாநிலங்கள் கொடுத்த சொற்பத்தையே நம்பினர். ஆனால் வடபடை வீரனுக்கும் ஒரு தடை இருந்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டம், இயலாமை அவனவனுடைய தீய பழக்கங்களால் வந்ததாயிருத்தலாகாது என்று விதித்தது. மதுவும் மேகநோயும் போலவே அபினும் அத்தீய பழக்கங்களுள் அடக்கப்பட்டது. விண்ணப்பக்காரர் வைத்தியர் குழுவின் முன்னே உடம்பைக் காட்டவேண்டும். குண்டின் தழும்பு அவனுக்குச் சாட்சியாய் நின்றது. ஊசியின் தழும்பு அவனுக்கு எதிர்ச்சாட்சியாயிற்று. இரண்டும் ஒரே படைச் சேவையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை என்பதை எழுத்திற் காட்டுவது எளிதன்று. ஆகவே, பழக்கத்தை மறைப்பதே விவேகம் என்று ஒருவன் எண்ணினால் அதிற் புதுமையில்லை. 1904ஆம் ஆண்டில் சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த கட்டளை, 62 வயதையே ஓர் இயலாமையாக ஏற்றுக்கொண்டது. முதுமை மன்னிக்கப்பட்டது, மோர்பின் மன்னிக்கப்படவில்லை.

இவ்வாறு துன்புற்றோர் எத்தனை பேர்? நான்கு இலட்சம் என்னும் தொகை இருபதாம் நூற்றாண்டில் பல நூல்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டது. அதற்கு ஆதாரம் கிடையாது. ‘போர்வீரர் நோய்’ என்று இப்பழக்கத்துக்கு வழங்கும் பெயரும் போர்க்கால ஏடுகளிற் காணப்படுவதன்று. ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அது எழுத்தில் தோன்றிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அபினுக்கு ஆட்பட்டோரிற் பெரும்பகுதியினர் பெண்கள். வைத்தியர் கொடுத்த மருந்தினாலேயே அவர்கள் அந்நிலைக்கு வந்தனர். இவற்றைக் கொண்டு, முன்னாள் வீரர்களின் துன்பமே கட்டுக்கதை என்று வாதித்தோரும் உளர். அது மறுபக்கத்து மிகை. உபகாரச் சம்பளக் கோவைகளும், மனநோய் விடுதிகளின் பதிவேடுகளும், குடும்பத்தார் கடிதங்களும் அவர்கள் இருந்ததற்குச் சான்றாகின்றன. எண்ணித் தொகை சொல்ல மாத்திரம் அவை இடந்தரவில்லை. மறைக்கப்பட்ட ஒன்றை எண்ணுவது எப்படி?

ஊசியின் ஆபத்தை இங்கிலாந்தில் கிளிபேட் ஓல்பட் 1870இலும், பேர்லினில் எட்வாட் லெவின்ஸ்டைன் 1877இலும் எடுத்துரைத்தனர். அமெரிக்க வைத்தியர்களும் பையப்பையக் கையடக்கங் கொண்டனர். 1914ஆம் ஆண்டில் ஹரிசன் சட்டம் அபின் விற்பனையைக் கட்டுக்குட் கொணர்ந்தது. பழக்கப்பட்டவனுக்கு அப்பழக்கத்தைத் தொடர்வதற்காகவே மோர்பின் எழுதிக்கொடுத்தல் வைத்தியமாகாது என்று 1919இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போரிற் சிறுவராய்ச் சேர்ந்தோருக்கே அப்பொழுது எழுபது வயது. எஞ்சியிருந்த முதியவர்களுக்கு, அரை நூற்றாண்டுக்கு முன் அரசாங்க வைத்தியர் தொடக்கிவைத்த மருந்து, அரசாங்கச் சட்டத்தினாலே குற்றமாயிற்று.

அதே நாட்டில், முன்னாள் வீரர்களின் நலன் காக்கும் திணைக்களத்தின் வைத்தியசாலைகளில் இந்நூற்றாண்டிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. 2004 முதல் 2009 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, நோவுக்காக அபின் இன மருந்து பெற்ற நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களில் 27 வீதத்தினர், மனத்தை அமைதிப்படுத்தித் தூக்கந்தரும் பென்சோடயசப்பீன் குளிசைகளையும் பெற்றிருந்தனர். மருந்து மிகுதியால் இறந்தோரில் ஏறக்குறையச் செம்பாதியினர், இரண்டும் ஒருங்கே எழுதிக்கொடுக்கப்பட்ட காலத்தில் இறந்தவர்கள். 2013இல் திணைக்களம் இம்மருந்துகளைக் குறைக்கும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. கொடுக்கப்பட்ட அளவு வெகுவாகக் குறைந்தது. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, 2013ஆம் 2014ஆம் ஆண்டுகளில் அம்மருந்து பெற்ற ஏறத்தாழப் பதினான்கு இலட்சம் நோயாளரைப் பின்தொடர்ந்தது. மருந்து நிறுத்தப்பட்டோரிடையே மருந்து மிகுதியாலோ தற்கொலையாலோ நேரும் மரணம் கூடிற்று என்றும், நெடுங்காலம் உட்கொண்டவருக்கே அவ்வாபத்து மிகுதி என்றும் அது கண்டது.