ஹெல்சிங்கி – டோக்கியோ: தூரத்தின் வரலாறு

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், அட்டவணைகள் சுமார் 7,800 கிலோமீட்டர் என்கின்றன. உருண்டைப் பூமியின் மேல் இரு புள்ளிகளுக்கிடையே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கிற அளவு அது. அந்த நூல் கிடப்பதோ பெரும்பாலும் சைபீரியாவின் மீது. இந்த எண்ணை 'இயற்கை'யானதாக, வரலாற்றுக்கு வெளியே நிற்பதாக வாசிக்கப் பழகியிருக்கிறோம். அந்த வாசிப்பைத்தான் நான் கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன்.

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, ஒவ்வொரு அரசுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறைமை உண்டு என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. ஆக, வானத்துக்கும் வேலி போட்டாயிற்று. பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியம் தன் வேலியைப் பெரும்பாலும் மூடியே வைத்திருந்தது. 1957இல் ஸ்காண்டிநேவிய விமானங்கள் கோபன்ஹேகனிலிருந்து துருவ வழியாக அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி டோக்கியோ போயின. சோவியத்தோடு 1948இல் நட்பு உடன்படிக்கை செய்துகொண்ட பின்லாந்துக்கே குறுக்குவழி கிடைக்கவில்லை. 1983 ஏப்ரலில் டோக்கியோவுக்கு இடைநில்லாமல் பறக்கத் தொடங்கிய ஃபின்ஏர், வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனது. ஏறக்குறைய 13 மணி நேரம். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குக் கிளம்பித் தடம் விலகிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தனர். வேலி என்பது இங்கே வெறும் உருவகமில்லை.

சோவியத் தகர்வை ஒட்டி சைபீரிய வானம் திறந்தது. பயணம் பிற்பாடு ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. சும்மா ஒன்றும் இல்லை, மேலே பறப்பதற்கு ஏரோஃப்ளோட்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. டேவிட் ஹார்வி 'கால-வெளிச் சுருக்கம்' பற்றி எழுதியது 1989இல். மூலதனம் வெளியைக் காலத்தால் அழிக்கிறது என்ற மார்க்ஸின் கருத்தை அவர் விரித்தெடுத்தார். இதைத் திரும்பிவராத ஒருவழிப் பாதையாகப் புரிந்துகொண்டு, 'உலகம் சுருங்கிப் போச்சு' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே நிறைய.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூட, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. மார்ச் மாதம் டோக்கியோ தடம் மறுபடியும் துருவத்தைச் சுற்றிற்று. மறுபடியும் 13 மணி நேரம். விமானம் புதிது, எஞ்சின் புதிது, பயண நேரம் மட்டும் 1983ஐச் சேர்ந்தது. சீன விமானங்களோ சைபீரியாவின் மீது தொடர்ந்து பறந்தன. அப்போ, தூரம் இரண்டு ஊர்களுக்கு நடுவே மட்டும் இல்லை. பறப்பது எந்த நாட்டு விமானம் என்பதிலும் இருக்கிறது.

கூடிப்போன மூன்றரை மணி நேரத்தைப் பெரிய இழப்பாகக் காட்டுவது என் நோக்கமல்ல. அந்தப் போரின் கணக்கில் அது மிகச் சிறிய விலை. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. டோக்கியோ பயணிக்குத் தூரம் நீண்டது. கீவ்காரருக்கோ, தன் ஊர் விமான நிலையத்திலிருந்து எந்த ஊருக்கும் 'பயண நேரம்' என்று ஒன்று இல்லாமலே போயிற்று. அட்டவணையில் கிலோமீட்டர் மட்டும் அப்படியே இருந்தது.