மடைநூலும் ஆற்றுப்படையும்

அடிசில் நூலைச் சமைப்பதற்கு மட்டுமன்றிப் படித்து இன்புறுவதற்கும் கையில் எடுப்பது உண்டு. அவ்வப்பருவத்தில் அவ்வந்நிலத்தில் விளைந்தவற்றையே கூறும் நூலாயின் அவ்வின்பம் மிகும். காயின் பெயரைப் படிக்கும்போதே அது விளையும் மண்ணும் மாதமும் கண்முன் வந்து நிற்கும். இத்தகைய நூல் பழந்தமிழில் உண்டோ என வினவினால், மடைநூலைச் சுட்டத் தோன்றும். அவ்விடை பொருந்தாது என்பது நம் கருத்து.

மடைநூல் ஒன்று வழங்கியதில் ஐயமில்லை. நாடக மகளிர் கற்கும் கலைகளுள் ஒன்றாக மணிமேகலை அதனைக் குறிக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார், நல்லியக்கோடனின் அரண்மனை உணவு வீமன் இயற்றிய நூலின் நெறி வழுவாது அமைந்தது என்கிறார். வீமன் பெயர் வெளிப்படையாக இல்லை. காட்டை எரியூட்டிய அருச்சுனனின் தமையன் என்னும் குறிப்பால் அறிகின்றோம். அந்நூல் நமக்குக் கிடைத்திலது. புலவரும் அதன்வழிச் சமைத்த உணவு ஒன்றன் பெயரையேனும் தந்தாரில்லை. 'பலவகை அடிசில்' என்ற அளவோடு நிற்கிறார். உணவு இட்ட பொற்கலத்துக்கோ கோள்கள் சூழ்ந்த இளஞாயிற்றை இழுத்து வந்து ஒப்பிடுகிறார்! கலம் நினைவில் நிற்கிறது, கறி நிற்கவில்லை.

அரண்மனையை அடையும் முன் பாணன் கடந்து செல்லும் வழியை நோக்கின் நிலைமை வேறு. எயிற்பட்டினத்தில் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருகின்றனர். அங்கு எரியும் விறகும் அக்கடல் தந்ததே. அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்கள், ஒட்டகம் படுத்துறங்குவதுபோல் கரையிற் கிடக்கின்றன. வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் சூடும் கிடைக்கின்றன. ஆமூரில், உலக்கையின் இரும்புப் பூண் தேயுமளவு குற்றிய அரிசிச் சோறும் நண்டின் கலவையும் உண்டு. கடல் உணவு கடற்கரையில். வயல் நண்டு வயலருகில். ஊர் மாறினால் உண்கலமும் மாறுகிறது. 269 அடிகளே உள்ள ஒரு பாட்டில் இத்துணைச் செய்தி அமைந்திருப்பது வியத்தற்குரியது.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒருபடி சென்று செய்முறையையே கூறுகிறது. அந்தணர் மனையில் மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, பசுமோரின் வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலக்கின்றனர். உடன் மாவடு ஊறிய காடி. மாவடு ஆண்டு முழுதும் கிடைப்பதன்று. பருவத்தில் பறித்து ஊறவைத்தால்தான் பிற மாதங்களுக்கு உண்டு. ஊறுகாய் என்பதே பருவத்தைச் சேமித்து வைக்கும் வழி.

எனினும் எல்லாம் உள்ளூர்ப் பொருளே எனக் கூறுதல் மிகையாகும். அக்கறியிற் கலந்த மிளகு காஞ்சியைச் சூழ்ந்த நிலத்தில் விளைந்ததன்று; மேற்கு மலைப் பொருள். அதே பாட்டின் முற்பகுதியில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் காவலுள்ள பெருவழியிற் செல்வதைக் காண்கின்றோம். ஓர் அடுப்பில் தோட்டத்துக் காயும் நெடுவழிச் சரக்கும் சேர்ந்தே வெந்தன.

மீண்டும் சிறுபாணனிடம் வருவோம். அப்பாட்டில் நிலம் தந்த உணவு இன்னும் ஒன்றுண்டு. அதனை விட்டுவிட்டு ஏனையவற்றை மட்டும் சுவைத்துப் பேசுதல் முறையாகாது. பரிசில் பெறுமுன் பாணனுடைய அடுக்களையில் காளான் பூத்துக் கிடந்தது. அவன் மனையோள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்தாள். காளானும் குப்பைக்கீரையும் ஒருங்கே தோன்றுவதால் அது மழை பெய்த பருவம் எனக் கருதுகின்றோம். அவ்விடத்தில், அப்பருவத்தில், மண் தானே தந்த உணவு அதுவே. தெரிந்தெடுத்த உணவன்று, வேறு இன்மையால் உண்டது. உப்பில்லாமல் வெந்த அக்கீரையைப் பிறர் கண்டு பழிப்பர் என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு இருந்து அவள் உண்டாள்.