கார் விசிறிக்கு ஒரு தனி சுவிட்ச்

காஞ்சிபுரத்தில் கருட சேவைக் கூட்டத்தில் மாட்டிய அம்பாசடர் சீக்கிரம் சூடாகும். அதன் விசிறியைச் சுழற்றுவது என்ஜின் பெல்ட். என்ஜின் மெதுவானால் விசிறியும் மெதுவாகும்.

1983-ல் வந்த மாருதி 800-ல் என்ஜினைக் குறுக்காக வைத்தார்கள்; விசிறி மின்சாரத்துக்கு மாறியது. 1998-ல் இதே மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோவிலும் மின்விசிறிதான்.

பழைய வண்டிகளில் தண்ணீர் சூடானதும் ஒரு வெப்ப சுவிட்ச் விசிறியைப் போடும். அது செத்தால் ஹெட் கேஸ்கெட் போச்சு! அதனால்தான் மெக்கானிக்குகள் டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்தார்கள்.

ரிலே, ஃபியூஸ் இல்லாத வேலையை நான் ஒத்துக்கமாட்டேன். விசிறி இழுக்கும் மின்னோட்டத்தில் சின்ன சுவிட்ச் உருகிடும். புது சுவிட்சை வெப்ப சுவிட்சுக்கு இணையாகத்தான் கொடுக்கணும். பழசைக் கழற்றிவிட்டால், டிரைவர் மறக்கிற அன்று விசிறியே சுற்றாது.