கோடி

தெருக்கோடி வீடு என்கிறோம். நூறு லட்சத்தையும் கோடி என்கிறோம். வடமொழியில் கோடி என்றால் வில்லின் வளைந்த நுனி. விளிம்பு, உச்சம் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. தனுஷ்கோடி என்ற ஊர்ப்பெயரில் அந்த வில்முனை இன்றும் அப்படியே இருக்கிறது. (கோடி உடுத்துவதில் வரும் கோடிக்குப் பொருள் புதுத்துணி.)

எண்ணாகப் பார்த்தால் 1,00,00,000. காரணிப்படுத்தினால் ஏழு இரண்டுகளும் ஏழு ஐந்துகளும் மட்டுமே. வேறு பகா எண் உள்ளே இல்லை. ஆகவே அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 64. அவற்றில் எனக்கு மிகப் பிடித்த இணை 128-உம் 78,125-உம். இரண்டின் கடைசியிலும் சுழியம் கிடையாது. பெருக்கினால் ஏழு சுழியங்கள் வரிசைகட்டி நிற்கும்! மூன்று பேருக்குப் பங்கிட்டாலோ ஒன்று மிஞ்சும். கோடிக்குள் அடங்கும் பகா எண்கள் 6,64,579. அந்த வரிசையின் கோடியில் இருப்பது 99,99,991.