ஹவாயில் 1960 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல்

ஹவாய் மாநில மக்கள் முதன்முதலாக வாக்களித்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் 1960 நவம்பர் 8 அன்று நடைபெற்றது. ஜனநாயகக் கட்சியின் ஜான் எஃப். கென்னடியும் குடியரசுக் கட்சியின் ரிச்சர்டு நிக்சனும் இதில் மோதினர். முதல் எண்ணிக்கையில் நிக்சன் 141 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. நீதிமன்ற ஆணைப்படி நடந்த மறு எண்ணிக்கையில் கென்னடி 115 வாக்குகளில் வென்றார். இதற்கிடையே இரு கட்சிகளின் தேர்வாளர்களும் தனித்தனியே வாக்களித்து, தனித்தனிச் சான்றிதழ்களை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டனர். அவற்றில் எதை ஏற்பது என்பதை அவையில் முன்மொழிய வேண்டிய இடத்தில் அமர்ந்திருந்தவர் தோற்ற வேட்பாளரான நிக்சனே. 3 தேர்வாளர் வாக்குகளை மட்டுமே கொண்ட இச்சிறு மாநிலத்தின் வழக்கு 2000 ஆம் ஆண்டிலும் 2020 ஆம் ஆண்டிலும் மீண்டும் மேற்கோள் காட்டப்பட்டதற்கு இதுவே காரணம்.

பின்னணி

1893 வரை ஹவாய் தனி முடியரசாக இருந்தது. அவ்வாண்டு அரசி லிலியுகலானி ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டார். 1898 இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. அதன் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க ஆட்சியின் கீழ் வாழ்ந்தபோதிலும், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்குள்ள மக்களுக்குக் கிடைக்கவில்லை. 1959 ஆகஸ்ட் 21 அன்று ஹவாய் 50 ஆவது மாநிலமானபோதுதான் அவ்வுரிமை வந்தது. ஆகவே 1960 இல் ஹவாய் மக்கள் செலுத்தியது வெறும் ஒரு வாக்கு அல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் போரிட்டுத் திரும்பிய ஜப்பானிய வம்சாவளியினர் பலருக்கு அதுவே முதல் குடியரசுத் தலைவர் தேர்தல்.

இரு கட்சிகளும் அங்கு ஏறத்தாழ சமவலிமையுடன் இருந்தன. சர்க்கரை ஆலை நிறுவனங்களின் ஆதரவுடன் பல பத்தாண்டுகள் கோலோச்சிய குடியரசுக் கட்சியை, தொழிற்சங்கத்தினரும் போர் வீரர்களும் சேர்ந்து 1954 சட்டமன்றத் தேர்தலில் வீழ்த்தினர். ஆயினும் 1959 இல் குடியரசுக் கட்சியின் வில்லியம் குவின் ஆளுநர் பதவியை வென்றார். அதே ஆண்டு செனட் அவைக்கு இரு கட்சிகளிலிருந்தும் ஒவ்வொருவர் சென்றனர். பிரதிநிதிகள் அவைக்கு ஜனநாயகக் கட்சியின் டேனியல் இனோயே சென்றார். நாட்டின் 50 மாநிலங்களுக்கும் செல்வேன் என்று உறுதியளித்திருந்த நிக்சன் ஹவாய்க்கும் வந்து பிரசாரம் செய்தார்.

தேர்வாளர் குழு

அமெரிக்கக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் செனட் உறுப்பினர்கள், பிரதிநிதிகள் அவை உறுப்பினர்கள் ஆகியோரின் கூட்டு எண்ணிக்கைக்குச் சமமான தேர்வாளர்கள் உண்டு. 1960 இல் நாடு முழுவதும் 537 தேர்வாளர்கள் இருந்தனர். வெற்றிக்கு 269 வாக்குகள் தேவை. ஹவாயில் வென்ற கட்சியின் தேர்வாளர்கள் மூவரும் டிசம்பர் 19 அன்று கூடி வாக்களிக்க வேண்டும். அவர்களே முறையான தேர்வாளர்கள் என்று ஆளுநர் சான்றளிக்க வேண்டும். 1961 ஜனவரி 6 அன்று காங்கிரஸின் இரு அவைகளும் கூடி அவ்வாக்குகளை எண்ணும். சிக்கல் முழுவதும் இந்த மூன்று தேதிகளுக்கு இடையே எழுந்தது.

மறு எண்ணிக்கை

நாடு தழுவிய முடிவு தேர்தலுக்கு மறுநாளே தெளிவாகிவிட்டது. நிக்சனும் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஹவாயின் எண்ணிக்கை மட்டும் இழுபறியாக நீண்டது. மொத்தம் சுமார் 1 இலட்சத்து 85 ஆயிரம் வாக்குகளில் 141 வாக்கு வேறுபாடு என்பது ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ணித் தாளில் குறித்துக் கூட்டும் முறையில் அந்த அளவு பிழை எளிதில் நேரக்கூடியதே. நவம்பர் 28 அன்று, ஆளுநரின் பொறுப்பைக் கவனித்த துணை ஆளுநர் ஜேம்ஸ் கியலோஹா, குடியரசுக் கட்சித் தேர்வாளர்களே முறையானவர்கள் என்று சான்றளித்தார்.

ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களான வாக்காளர்கள் சிலர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கின் பெயர் "லம் எதிர் புஷ்". இதிலுள்ள புஷ், குடியரசுக் கட்சியின் தேர்வாளர்களுள் ஒருவரான கேவியன் புஷ். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் "புஷ் எதிர் கோர்" என்ற பெயரில் வந்த புகழ்பெற்ற வழக்குடன் இப்பெயர் ஒத்துப்போவது தற்செயல்தான்.

வழக்கை விசாரித்தவர் ஹொனலூலு வட்ட நீதிமன்ற நீதிபதி ரொனால்டு ஜேமிசன். தேர்வாளர் நியமனம் குறித்த தகராறுகளைத் தேர்வாளர்கள் கூடுவதற்கு ஆறு நாட்களுக்கு முன்னரே தீர்த்துக்கொண்டால், அம்முடிவைக் காங்கிரஸ் மதிக்க வேண்டும் என்று 1887 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அந்த நாள் நெருங்கியும் எண்ணிக்கை முடியவில்லை. நாள் கடந்த பின் எண்ணுவதால் என்ன பயன் என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. நீதிபதி எண்ணிக்கையை நிறுத்தவில்லை. அந்தக் கெடுவைத் தவறவிட்டால் மாநிலம் இழப்பது ஒரு பாதுகாப்பை மட்டுமே. மக்கள் யாருக்கு வாக்களித்தனர் என்ற உண்மை அதனால் மாறிவிடாது. சட்டத்தை இவ்வாறு படிப்பதே பொருத்தமானது என்று தோன்றுகிறது. 2000 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் இதற்கு நேர்மாறான வழியில் சென்றனர்.

இயோலானி அரண்மனையில் இரு வாக்கெடுப்புகள்

டிசம்பர் 19 வந்தபோது மறு எண்ணிக்கை இன்னும் நடந்துகொண்டிருந்தது. அப்போது மாநிலத் தலைமையகமாக விளங்கிய இயோலானி அரண்மனையில் குடியரசுக் கட்சித் தேர்வாளர்கள் கூடி நிக்சனுக்கு வாக்களித்தனர். ஆளுநர் அலுவலகத்தின் சான்று அவர்களிடமே இருந்தது. அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் தேர்வாளர்கள் மூவரும் கூடிக் கென்னடிக்கு வாக்களித்தனர். அவர்களிடம் எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அன்று வாக்களிக்காமல் விட்டிருந்தால், பின்னர் நீதிமன்றத்தில் வென்றிருந்தாலும் எண்ணுவதற்கு வாக்கே இருந்திருக்காது. தேர்வாளர்கள் எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் வாக்களிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி.

அம்மூவரும் ஹவாய் வரலாற்றில் அறியப்பட்டவர்கள். வில்லியம் ஹீன், சீன, ஹவாய் வம்சாவளியைச் சேர்ந்த முன்னாள் நீதிபதி. டெல்பர்ட் மெட்ஸ்கர், போர்க்காலத்தில் ஹவாயில் இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது, நீதிமன்ற ஆணையை மீறியதற்காகப் படைத்தளபதிக்கே அபராதம் விதித்த கூட்டாட்சி நீதிபதி. மூன்றாமவர் ஜென்னி வில்சன், ஹொனலூலு நகர மேயராக இருந்த ஜான் வில்சனின் மனைவி. அப்போது அவருக்கு வயது 88. இளமையில் மன்னர் கலாகவுவாவின் அவையில் ஹுலா நடனமாடியவர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியிலும் ஆடியவர். கலாகவுவா கட்டிய அரண்மனை அது. அங்கேயே 1895 இல் அரசி லிலியுகலானி சிறை வைக்கப்பட்டார். அந்த மன்னரின் அவையில் ஆடியவர், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தாளில் கையெழுத்திட்டார். ஹவாயின் இந்த நெடிய மாற்றத்தை முழுதும் கண்டவர் என்று அன்றைய தேர்வாளர்களில் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 30 அன்று ஜேமிசன் தீர்ப்பளித்தார். கென்னடி 92,410, நிக்சன் 92,295. முதல் எண்ணிக்கைக்கும் இதற்கும் இடையே வேறுபாடு 256 வாக்குகள் நகர்ந்திருந்தது. குடியரசுக் கட்சித் தரப்பு மேல்முறையீடு செய்யவில்லை. ஆளுநர் குவின், தம் கட்சி தோற்ற முடிவுக்கு 1961 ஜனவரி 4 அன்று தாமே சான்றளித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார். ஜனவரி 6 கூட்டத்துக்கு அது வந்து சேர்ந்தது.

நிக்சனின் முடிவு

துணைக் குடியரசுத் தலைவர் என்ற முறையில் செனட் அவைக்கும் அன்றைய கூட்டு அமர்வுக்கும் தலைமை வகித்தவர் நிக்சன். ஹவாயிலிருந்து வந்த தாள்கள் அனைத்தும் அவர் முன் இருந்தன: கியலோஹாவின் சான்றுடன் குடியரசுக் கட்சித் தேர்வாளர்களின் வாக்கு, ஜனநாயகக் கட்சித் தேர்வாளர்களின் வாக்கு, குவினின் புதிய சான்று. ஜனவரி 4 சான்றில் உள்ளவர்களையே முறையான தேர்வாளர்களாகக் கொள்ளலாம் என்று அவர் முன்மொழிந்தார். எண்ணிக்கை தாமதமாகாதிருக்கவே இவ்வாறு கூறுவதாகவும், இதை முன்னுதாரணமாக்கும் எண்ணம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். எவரும் மறுக்கவில்லை. கென்னடி 303, நிக்சன் 219, செனட் உறுப்பினர் ஹாரி பேர்டு 15 என்று எண்ணிக்கை முடிந்தது. 1861 இல் ஜான் பிரெக்கின்ரிட்ஜ் ஆபிரகாம் லிங்கனின் வெற்றியை அறிவித்ததற்குப் பின், தம் தோல்வியைத் தாமே அறிவித்த முதல் துணைக் குடியரசுத் தலைவர் நிக்சன்.

இதை நிக்சனின் பெருந்தன்மையாகச் சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையல்ல. ஹவாயின் 3 வாக்குகள் எப்பக்கம் சென்றாலும் முடிவு மாறாது என்ற நிலையில் விட்டுக்கொடுப்பது எளிது. டிசம்பரில் நிலைமை அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை. இலினாய் (27), டெக்சாஸ் (24) மாநிலங்களில் முறைகேடு நடந்ததாகக் குடியரசுக் கட்சியினர் குற்றஞ்சாட்டி வந்தனர். அவ்விரண்டும் நிக்சனுக்கு மாறியிருந்தால் அவருடைய எண்ணிக்கை 270 ஆகியிருக்கும். அதாவது தேவைக்கு மேல் ஒரே ஒரு வாக்கு. அப்படி ஒரு நிலையில் ஹவாயின் தாள்கள் இத்தனை அமைதியாகப் பிரிக்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே. அவ்வாண்டு பல மாநிலங்களில் மறு எண்ணிக்கை கோரியது குடியரசுக் கட்சி. ஆனால் மறு எண்ணிக்கையால் முடிவு மாறிய ஒரே மாநிலம் ஹவாய். அதுவும் கென்னடிக்குச் சாதகமாக.

முன்னுதாரணம் ஆகாத முன்னுதாரணம்

2000 ஆம் ஆண்டு புளோரிடா மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்தியபோது, மாறுபட்ட கருத்தைப் பதிவுசெய்த நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் ஹவாயைச் சுட்டிக்காட்டினார். ஆறு நாள் கெடு கடந்த பிறகும் எண்ணலாம் என்பதற்கு அது சான்று என்பது அவர் வாதம்.

2020 தேர்தலுக்குப் பின் டொனால்டு டிரம்பின் வழக்கறிஞர்களும் அதே நிகழ்வை எடுத்தாண்டனர். பைடன் வென்ற மாநிலங்களில் குடியரசுக் கட்சியினர் மாற்றுத் தேர்வாளர்களாகக் கூடி வாக்களித்ததற்கு ஹவாயே முன்மாதிரி என்றனர். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஹவாயில் டிசம்பர் 19 அன்று நீதிமன்ற மேற்பார்வையில் எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. பின்னர் நீதிபதி தீர்ப்பளித்தார், எதிர்க்கட்சி ஆளுநர் சான்றளித்தார், அதன் பிறகே அவ்வாக்குகள் செல்லுபடியாயின. 2020 இல் மாற்றுத் தேர்வாளர்கள் எவருக்கும் தீர்ப்போ ஆளுநர் சான்றோ கிடைக்கவில்லை.

2021 ஜனவரி 6 நிகழ்வுகளுக்குப் பின், 1887 சட்டம் 2022 இல் திருத்தப்பட்டது. எண்ணிக்கையில் துணைக் குடியரசுத் தலைவரின் பங்கு சடங்குமுறையானது மட்டுமே என்று அது வரையறுத்தது. ஆளுநரின் சான்றை மாற்றும் நீதிமன்ற ஆணை, தேர்வாளர்கள் கூடும் நாளுக்கு முன்னரே வந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. ஜேமிசனின் தீர்ப்பு வந்ததோ அவர்கள் கூடிப் பதினொரு நாட்களுக்குப் பிறகு.