மூளைப் புற்றும் குவிகதிர்ச் சிகிச்சையும்

உடலின் ஓர் உறுப்பில் தோன்றும் புற்று, குருதி வழியே மூளையைச் சென்றடைவதுண்டு. சுவாசப்பை, மார்பு, சிறுநீரகம் ஆகியவற்றின் புற்றுக்களும், மெலனோமா என்னும் தோற்புற்றும் இவ்வாறு பரவுவனவற்றுள் முதன்மையானவை. மண்டையோட்டினுள் அமைந்த அவ்வுறுப்பை மருத்துவம் கதிர்கொண்டு அணுகிய வரலாறு, இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டமக்களுக்கும் உரிய செய்தியாகும்.

1895ஆம் ஆண்டில் றொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அதன் பின்னர் கதிர்ச் சிகிச்சை வளர்ந்ததாயினும், மூளையிற் பரவிய புற்றுக்கு மூளை முழுவதற்கும் கதிர் பாய்ச்சுதலே நெடுங்கால வழக்கமாயிருந்தது. பொதுவாக 30 கிரே அளவினைப் பத்து நாட்களுக்குப் பகிர்ந்து அளிப்பர். இதனால் நலமான பகுதிகளும் தாக்குண்டு நினைவாற்றல் குன்றுதல் உண்டு. சிறுநீரகப் புற்றும் மெலனோமாவும் இத்தகைய சிறு அளவுகளுக்கு எளிதிற் பணிவதுமில்லை.

சுவீடன் நாட்டு மூளைச் சத்திரவைத்தியர் லார்ஸ் லெக்செல், மண்டையைத் திறவாது உள்ளே ஒரு புள்ளியை மட்டும் தாக்கும் முறையை 1951இல் எடுத்துரைத்தார். 179 கோபாற்று ஊற்றுக்களைக் கொண்ட அவரது காமாக் கத்தி 1968இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு கதிரும் தனித்து வலுவற்றது. யாவும் கூடும் இடத்திலேயே புற்றை அழிக்கும் ஆற்றல் பிறக்கின்றது. நேர்கோட்டு முடுக்கியைக் கொண்டும் இதனைச் செய்யலாம் என்பதை ஹைடெல்பேர்க் மருத்துவர்கள் 1987இல் வெளியிட்டனர். ஒன்று முதல் மூன்று கட்டிகள் உடையோரை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, குவிகதிர் மட்டும் பெற்றோருக்கு அறிவுத்திறன் இழப்புக் குறைவு என்றும், முழுமூளைக் கதிரைச் சேர்த்தமையால் ஆயுள் குறிப்பிடத்தக்கவாறு நீளவில்லை என்றும் காட்டிற்று.

இம்முறை பெரும்பாலும் ஒரே நாளில், அன்றேல் சில அமர்வுகளில் நிறைவுறும். நாட்கூலியை நம்பிக் கொழுந்து பறிப்போருக்கும் இறப்பர்ப் பால் வெட்டுவோருக்கும் இதன் பெறுமதி பெரிது. நாட்டின் முதன்மைப் புற்றுநோய் வைத்தியசாலை மகரகமையில் உள்ளது. இரத்தினபுரியிலிருந்து 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. மகரகமை ஊடாகச் சென்ற களனிவெளிப் புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. ஆயின் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970களில் மூடப்பட்டது. இன்று வீதி ஒன்றே துணை. பத்து நாட் சிகிச்சை எனின், பத்து நாட் கூலியும் வழிச்செலவும் நோயாளியின் தலைமேல் விழும்.

எனினும், குவிகதிர் மூலநோயைத் தீர்ப்பதன்று. கட்டிகள் சிலவாயும் சிறியனவாயும் உள்ளபோதே அது நன்கு பயன்தரும். ஆகவே காலமே இங்கு முதன்மை பெறுகின்றது. முன்னர்ப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்குத் தொடர்ந்த தலைவலி, காலை வாந்தி, ஒருபக்கத் தளர்ச்சி, வலிப்பு என்பன தோன்றின், தோட்ட மருந்தகத்தின் வலிமாத்திரையோடு அமைதல் தகாது. விரைந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும். லயத்துப் பிள்ளைகளாய் வளர்ந்து இன்று கற்றோராய் நிற்கும் நம் மாணவரும் பழைய மாணவரும் இவ்வறிவைத் தம் மக்களிடம் கொண்டுசேர்த்தல் கடனாகும்.