ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற கிர்மானி



மாலையில் கீழே கார் நிறுத்துமிடத்தில் நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பேட் பிடிக்க அடிதடி நடக்கும். பந்து போடவும் நாலு பேர் இருப்பார்கள். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்க மட்டும் யாரும் வர மாட்டார்கள். கடைசியில் இருப்பதிலேயே சின்னப் பையனை அங்கே நிறுத்துவார்கள். அப்போதெல்லாம் இரண்டாம் மாடிப் பெரியவர் பால்கனியிலிருந்து குரல் கொடுப்பார்: "கிர்மானி நின்ன இடம்டா அது! சும்மா நிக்காதே, குனிஞ்சு நில்லு!"

பிள்ளைகளுக்குக் கிர்மானி யாரென்று தெரியாது. உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

சையது கிர்மானி 1949 டிசம்பர் 29ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். வளர்ந்ததும் ஆடியதும் பெங்களூரில். சிறுவயதில் கையுறை வாங்க வசதியில்லாமல் செங்கல்லைக் கையில் வைத்துப் பந்தைத் தடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1976இல் நியூசிலாந்தில் டெஸ்ட் ஆட வந்தார். இரண்டாவது டெஸ்டிலேயே ஒரே இன்னிங்ஸில் ஆறு பேரை ஆட்டமிழக்கச் செய்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார்.

அவருடைய வேலை எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே பந்து போடுபவர்கள் பேடி, பிரசன்னா, சந்திரசேகர். போலியோவால் பாதிக்கப்பட்ட கையால் சந்திரசேகர் போடும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பேட்ஸ்மேனுக்குத் தெரியாது. கீப்பருக்குத் தெரிந்தாக வேண்டும். 88 டெஸ்டுகளில் 160 கேட்ச், 38 ஸ்டம்பிங். தோனி வந்து தாண்டும் வரை இந்திய கீப்பர்களில் இதுவே அதிகம்.

ஆனால் பெரியவர் இந்தக் கணக்கையெல்லாம் சொல்ல மாட்டார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது 1983ஆம் வருடத்தைத்தான்.

அந்த ஜூன் 18ஆம் தேதி, உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேயுடன் ஆட்டம். 17 ரன்னுக்கு 5 விக்கெட் போய்விட்டது. கபில்தேவ் 175 ரன் அடித்தது ஊருக்கே தெரியும். 140 ரன்னுக்கு எட்டாவது விக்கெட் விழுந்தபோது உள்ளே வந்தவர் கிர்மானி. அவர் எடுத்தது 24 ரன்தான். ஆனால் கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. இருவரும் சேர்ந்து 126 ரன். ஒன்பதாவது விக்கெட்டுக்கான அந்தச் சாதனையை 27 வருடம் கழித்துத்தான் இலங்கையின் மேத்யூஸும் மலிங்காவும் முறியடித்தார்கள். அந்த ஆட்டத்துக்கு வீடியோ பதிவு கிடையாது. பிபிசி ஊழியர்களின் வேலைநிறுத்தம்தான் காரணம் என்பார்கள். சிம்மக்கல் டீக்கடையில் மறுநாள் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் நின்று கேட்டதாகப் பெரியவர் சொல்வார்.

ஒரு வாரம் கழித்து இறுதி ஆட்டம். நாம் எடுத்தது 183. சாந்து போட்ட பந்து பாக்கஸின் பேட்டில் உரசி வர, கிர்மானி பாய்ந்து பிடித்தார். வெஸ்ட் இண்டீஸ் 140க்குச் சுருண்டது. அந்தப் போட்டித் தொடரின் சிறந்த விக்கெட் கீப்பர் என்ற பரிசும் கிர்மானிக்கே கிடைத்தது.

அதே வருடம் டிசம்பர் கடைசியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுடன் டெஸ்ட். பெரியவர் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்தே போய்ப் பார்த்தார். கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 236. அது அவருடைய 30ஆவது சதம், பிராட்மேனின் 29ஐத் தாண்டிய சதம். மறுமுனையில் ஆட்டமிழக்காமல் 63 ரன்னோடு நின்றவர் கிர்மானி. இருவரும் சேர்ந்து எடுத்தது 143. "எல்லாரும் கவாஸ்கரைப் பாத்தாங்க, நான் கிர்மானியைப் பாத்தேன்" என்பார் பெரியவர். தண்ணீரில்லாத வைகை மணலில் இளவயதில் அவரும் கீப்பராக நின்றவர்தான்.

சென்ற மார்கழியில் அவர் காலமானார். எத்தனையோ முறை கேட்டும் அவர் சொன்னதை நான் ஒரு நாளும் எழுதி வைக்கவில்லை. ரயிலில் கூடப் போனது யார், டிக்கெட் எப்படிக் கிடைத்தது, வைகையில் ஆடிய அணியில் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. ஸ்கோரை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். இதை எங்கே போய்த் தேடுவது?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1983இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள், யாரோடு ரேடியோ கேட்டீர்கள், உங்கள் தெரு அணியில் கீப்பராக நின்றது யார் என்று ஒரு பக்கம் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும். அடுத்த இதழிலிருந்து வெளியிடுவோம்.

அப்படியே, மாலையில் கீழே இறங்கும்போது ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சின்னப் பையனுக்குக் கிர்மானியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.